இன்பாக்ஸில் சொல்லும் விலை

என் கணவரின் விளங்காமல் போன வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, அதன் கட்டை விரலைப் போனில் அழுத்தித்தான் அந்தக் குழுவுக்குள் நான் முதன்முதலாகப் போனேன். விரல் சில்லென்று இருந்தது. போன் மட்டும் அவரை அடையாளம் கண்டுகொண்டு திறந்தது. அவர் என்னைப் பார்த்து, "ஆமா" என்றார்.

அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சம் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. கோபம் வந்தால் அதையே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். நான் வேலைக்குக் கிளம்பும்போது கேள்வி போல இழுத்துச் சொல்வார். மூளையின் இடது பக்கம் ரத்தம் அடைத்ததில் வலது கையும் காலும் போனதோடு பேச்சும் போய், எப்படியோ இந்த ஒரு வார்த்தை மட்டும் உள்ளே சிக்கி நின்றுவிட்டது.

அதற்கு முன்பு அவர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த ஜீப். விடியும்போது போடியிலிருந்து ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி கூட்டிக்கொண்டு வருவார். நாளெல்லாம் வளைவுகளில் ஸ்டீரிங்கைத் திருப்பிவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டில் வண்டி நினைப்பே வரக்கூடாது. அவருக்கோ வீட்டிலும் வண்டிதான். கட்டை விரல் நீளத்துக்கு உலோகத்தில் வார்த்த கார், லாரி, பஸ், டிராக்டர். குழந்தைகள் விளையாடுகிற சாமான்தான். ஆனால் பெரிய மனுஷர்கள் அதைச் சேர்க்கிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள், அதற்கென்று இணையத்தில் குழுக்கள் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் இப்படி என்று என் அண்ணன் சொல்வான். அது சரியில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது.

பஸ் பார்சலில் ஏதாவது வந்தால் குளித்துவிட்டுத்தான் பிரிப்பார். பழைய பல் பிரஷ்ஷால் சக்கரத்து இடுக்கைத் தேய்த்து, கண்ணாடி பீரோவில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்ப்பார். ஒரு தடவை கேட்டேன்.

"இது எம்புட்டுங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்ற வெல இல்ல."

"எங்கிட்டக் கூடவா?"

"ஒங்கிட்டச் சொன்னா நீ அரிசி பருப்புக் கணக்குல வச்சுப் பாப்ப. குரூப்புலயே எவனும் பொதுவுல வெல போட மாட்டான். கேட்டா இன்பாக்ஸ் வாம்பான். அங்க போயி தனியாத்தான் பேசணும். வெலையப் பொதுவுல போட்டா பொருளுக்கு மரியாத போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் பில் போடுகிற வேலை பார்க்கிறேன். ஏலம் நடக்கிற நாட்களில் முதலாளியோடு ஏலக்கூடத்துக்கும் போவேன். அங்கே ஏலத்துக்கு வந்த ஒவ்வொரு லாட்டு மூட்டைக்கும் மாதிரிக் காய் ஒவ்வொரு வியாபாரி மேஜைக்கும் வரும். கையில் அள்ளிப் பார்ப்பார்கள், உடைத்து மோந்து பார்ப்பார்கள், கீழே கொட்டிவிடுவார்கள். மத்தியானத்துக்குள் தரையெல்லாம் காயாகிவிடும், மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் விலை மட்டும் திரையில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஏறிக்கொண்டே போகும். சாயங்காலம் ராசிங்காபுரத்தில் தோசைக்கு மாவாட்டிக்கொண்டிருக்கிற பெண்ணுக்குக்கூட அன்றைக்குக் காய் என்ன விலைக்குப் போனது என்று போனில் வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு பொம்மை லாரியின் விலையை ரகசியமாகச் சொல்கிறார்களே என்று நினைத்தேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது போடிமெட்டில் வைத்து. ஆட்களை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வேறு ஜீப்புக்காரர்கள்தான் பின் சீட்டில் படுக்கப் போட்டு, இத்தனை வளைவும் இறங்கி, தேனி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். உயிர் நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், கைகாலுக்குப் பயிற்சி, பேச்சுக்குத் தனியாகப் பயிற்சி, இரண்டையும் விடாமல் செய்ய வேண்டும், முதல் சில மாதம்தான் முக்கியம் என்று சொன்னார். கைகாலுக்குப் போடியிலேயே ஆள் கிடைத்தார். பேச்சுக்கு மதுரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பஸ்சில் உட்கார அவரால் முடியவில்லை. போகும்போதெல்லாம் கார் பிடித்தோம். என் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போனது.

"ஜீப்ப வித்துரு" என்றான் என் அண்ணன். "நிக்க நிக்க வெல எறங்கும்."

ஜீப் வாசலுக்கு எதிரே, வேப்ப மரத்தடியில் நின்றது. அதை விற்றால், அவர் இனி எழுந்து ஓட்டப்போவதில்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். அவர் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "அது இருக்கட்டும். அந்தப் பொம்மை வண்டிகள விக்கிறேன்" என்றேன்.

அப்படித்தான் அவருடைய விரலை வைத்துப் போனைத் திறந்தேன். பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் லாரியை எடுத்துப் படம் பிடித்து, "விற்பனைக்கு. என்ன விலை என்று எனக்குத் தெரியாது. யாராவது சொல்லுங்கள்" என்று குழுவில் போட்டேன். பொதுவில் ஒருவரும் விலை சொல்லவில்லை. "இன்பாக்ஸ் பாருங்க" என்று வரிசையாக வந்தது. இன்பாக்ஸில் போய்ப் பார்த்தால் ஒருவர் முந்நூறு என்றார். இன்னொருவர் ஆயிரம் என்றார். ஒருவர் என் கணவர் இறந்துவிட்டார் என்றே நினைத்து, ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துவிட்டு, மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரும் தனித்தனி அறையில் என் காதோடு பேசுகிற மாதிரி இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போனே பண்ணிவிட்டார். அவர் பெயரை என் கணவர் அடிக்கடி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நேரில் பார்க்காவிட்டாலும் நல்ல பழக்கம்.

"அக்கா, நானுங்க. அண்ணனுக்கு இப்படின்னு கேள்விப்பட்டதுலருந்து மனசே சரியில்லீங்க. பொதுவுல வெல கேட்டுப் போட்டிருக்கீங்க பாருங்க, அத மொதல்ல எடுத்துருங்க. அண்ணனுக்கு அங்கொரு மரியாத இருக்குதுங்க. கஷ்டத்துல விக்கறாங்கன்னு தெரிஞ்சா எல்லாரும் அடிச்சுத்தானுங்க கேப்பாங்க."

"எனக்கு வெல தெரியலையே தம்பி. நா என்னன்னு சொல்ல?"

"நான் சொல்றேனுங்க. அந்த மஞ்ச லாரிக்கு ஆயிரத்தைநூறு. அதுவே சாஸ்தி. அண்ணனுக்காவத்தான். மத்ததையும் போட்டோ அனுப்புங்க, நல்லதாப் பாத்து எடுத்துக்கறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்திலும் இப்படி ஓர் ஆளா என்றிருந்தது. லாரியை எடுத்துப்போய் அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன்.

"இத ஆயிரத்தைநூறுக்குக் கேக்காக. குடுத்துரவா?"

"ஆமா."

"வேணாமா? வச்சுக்குவமா?"

"ஆமா."

இடது கையால் லாரியை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. நான் மதுரையில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவிடம் இதையெல்லாம் கேட்டிருந்தேன். இந்த நோயில் காரணம் இல்லாமலும் அழுகை வரும், அதை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். எண்களும் குழம்பியிருக்கும், விரலைக் காட்டினாலும் நம்பக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். என் கணவரின் சொல்லை நம்ப முடியாது, விரலை நம்ப முடியாது, கண்ணீரையும் நம்ப முடியாது. நானாகத்தான் முடிவெடுக்க வேண்டும். லாரியை அவர் நெஞ்சிலிருந்து மெதுவாக எடுத்தேன். அதோடு சேர்த்துக் கோயம்புத்தூர்க்காரர் கேட்ட வேறு சில வண்டிகளையும் அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்சில் போட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. நெடுங்கண்டத்தில் நர்ஸாக வேலை பார்க்கிற ஒரு மலையாளப் பெண். அவளும் குட்டி வண்டி சேர்க்கிறவள். தமிழும் மலையாளமுமாகப் பேசிக் குரலை அனுப்பியிருந்தாள். "சேச்சி, ஆ மஞ்ச லாரி இருக்கோ? போன வருஷம் சேட்டன்கிட்ட நான் எட்டாயிரம் வர கேட்டதா. சேட்டன் தந்நில்ல. அதுக்குக் கூடுதல் வேணும்னு பறஞ்ஞு. இப்ப தருமோ?"

நான் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பக்கத்தில் படுத்திருந்த அவருக்கும் கேட்டிருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் பண்ணினேன்.

"தம்பி, அந்த லாரி எட்டாயிரத்துக்கு மேல போகுமாம்ல."

"யாருங்க்கா சொன்னாங்க?"

"யாரோ சொன்னாக. நெசமா?"

"அக்கா, ஒரு ஆளு ஒரு நாளைக்கு ஆசப்பட்டு ஒரு வெல கேப்பாங்க. அதெல்லாம் வெலையாகாதுங்க. நீங்க சரின்னதுக்குத்தானுங்க நான் வாங்குனேன்."

"எனக்குத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல தம்பி."

 "அண்ணனும் இப்படித்தானுங்க வாங்குவாரு" என்றார். "தெரியாதவங்ககிட்ட. நாங்க எல்லாருமே அப்படித்தான். அதத் தப்புன்னா நாங்க யாரும் பீரோ வச்சுருக்க முடியாதுங்க."

 போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அது உண்மையாக இருக்கும் என்றுதான் பட்டது. மலையில் ஏதோ ஒரு தோட்ட வீட்டில், எவளோ ஒருத்தி, பரணிலிருந்து எடுத்த பொம்மையை என் கணவரிடம் டீக்காசுக்குக் கொடுத்திருப்பாள். அவர் குளித்துவிட்டு வந்து அதைத் துடைத்திருப்பார். அவரிடம் கேட்கலாம். கேட்டால் ஆமா என்பார்.

அன்றைக்கெல்லாம் பில் போடும்போது எனக்கு எண்கள் தப்பின. முதலாளி இரண்டு தடவை பில்லைத் திருப்பிக் கொடுத்தார். ஏலக்கூடத்துக்குப் போனபோது, திரையில் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தேவாரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, ஓரமாக நின்று தன் லாட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காய் அவர் நினைத்த அளவுக்குப் போகவில்லை. முகம் தொங்கிப்போய்விட்டது. ஆனாலும் எதற்குப் போனது, யார் எதுவரை கேட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் கேட்டால் சொல்ல அவரிடம் ஒரு பதில் இருக்கிறது. எனக்கு அந்த மனுஷர் மேல் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, பீரோவில் மிச்சம் இருந்ததையெல்லாம் வரிசையாகப் படம் எடுத்தேன். குழுவில் இப்படி எழுதினேன்: "நான் அவருடைய மனைவி. அவர் உயிரோடு இருக்கிறார். பேச முடியாது. இவற்றின் விலை எனக்குத் தெரியாது. வேண்டியவர்கள் இங்கேயே, எல்லோரும் பார்க்கும்படி கேளுங்கள். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. இன்பாக்ஸில் வரும் விலைக்குத் தரமாட்டேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு யாரோ ஒருவர் ஒரு சிவப்புப் பஸ்சுக்கு விலை எழுதினார். அதற்குக் கீழே இன்னொருவர் கூட்டி எழுதினார்.   என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினேன். குழுவை நடத்துகிறவரிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது. "அண்ணி, ஒங்க கஷ்டம் புரியிது. ஆனா குரூப்புல வெல போடக்கூடாதுங்கறது ரூல். அண்ணனும் சேந்து போட்ட ரூல்தான் அது. தயவுசெஞ்சு நீங்களே எடுத்துருங்க." நான் எடுக்கவில்லை. ராத்திரிக்குள் பதிவு காணாமல் போனது. அவரையும் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில்தான் புரிந்தது. நோய் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பொழுதுபோக்கு, இடது கட்டை விரலால் அந்தக் குழுவைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. வாசிக்க முடியாது. படங்களைப் பார்ப்பார். சிலதில் நின்று, வாய் கொஞ்சம் கோணலாகச் சிரிப்பார். அன்றைக்கும் நான் திறந்து கொடுத்த போனில் தள்ளினார், தட்டினார், மறுபடி தள்ளினார். என்னிடம் நீட்டினார்.

"ஆமா?"

"அது இனி வராதுங்க."

"ஆமா? ஆமா?"

"நாந்தான். எம்மேலதான் தப்பு. நா வெலையப் போட்டதுனால ஒங்களத் தூக்கிட்டாக."

அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. போனை என் கையில் திணித்தார். நான் ஏதாவது பண்ணினால் வந்துவிடும் என்று நினைத்தார். குழு நடத்துகிறவருக்கு எழுதினேன். "இனிமேல் ஒன்றும் போடமாட்டேன். அவர் பார்க்க மட்டும் விடுங்கள்." பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாம் முறை எழுதியபோது, என் செய்தியே போகாதபடி செய்துவிட்டார்கள். அவர் சாப்பிடவில்லை. ஊட்டினால் வாயை மூடிக்கொண்டார். நானும் சாப்பிடவில்லை. அந்த வாரம் மதுரைக்கும் போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது, இருவருமாகச் சேர்ந்து இல்லாமல் போய்விட்டால் என்ன என்ற நினைப்பு ஒரு தடவை வந்தது. வாளியில் தண்ணீர் நிறைந்து வழிகிற சத்தத்தில் அது கலைந்தது. குழாயை மூடினேன்.

நெடுங்கண்டத்து நர்ஸ்தான் கூப்பிட்டாள். நான் போட்ட பதிவை அழிப்பதற்கு முன்னால் பார்த்திருக்கிறாள்.

"சேச்சி, அழாதே. நம்ம வேற ஒண்ணு தொடங்கலாம். சின்னதா. வெல எழுதாம அதுல ஆரும் ஒண்ணும் போட வேண்டா. வித்தா எத்தரைக்கு வித்தோம்னு அடியில எழுதணும். அத அழிக்கக்கூடா. அத்தரதா, வேற ஒண்ணுமில்ல."

"யாரு வருவாக?"

"பத்துப் பேரு வரும். மதி, போதும்."

தொடங்கினாள். அவருடைய கணக்கை அதில் சேர்த்தேன். முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் புதியவர்கள், ஏமாந்தவர்கள், சின்னச் சம்பளக்காரர்கள். படம் வர ஆரம்பித்ததும் அவர் மறுபடி விரலால் தள்ளத் தொடங்கினார். அன்றைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

என்னிடம் இருந்ததையெல்லாம் அங்கே போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே, இதை நான் இன்ன விலைக்கு வாங்கினேன், எனக்குத் தெரிந்து இன்ன விலைக்குப் போனது என்று ஆட்கள் எழுதினார்கள். அப்போதுதான் இன்னோர் அடி விழுந்தது. மஞ்சள் லாரியின் விலை தெரிந்த நாளிலிருந்து நான் மனசுக்குள் மற்றதையும் அதே கணக்கில் பெருக்கி வைத்திருந்தேன். ஒரு வருஷப் பயிற்சிக்கு ஆகும் என்று நினைத்திருந்தேன். விலைகள் வெளிச்சத்துக்கு வர வர அது கரைந்தது. எல்லோரும் இன்பாக்ஸில் அடித்துக்கொண்ட ஒரு வெள்ளைக் கார், பழைய அச்சைப் போலவே சமீபத்தில் புதிதாக வார்த்ததாம், கடையிலேயே கிடைக்கும் என்று ஒருவர் ஆதாரத்தோடு காட்டினார். ரகசியத்தில் இருக்கிறவரை அதற்கு விலை இருந்தது. தெரிந்ததும் போய்விட்டது. நான் கேட்ட வெளிச்சம் எனக்கே எதிராகத் திரும்பியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு குட்டி ஜீப் இருந்தது. அதற்கு நல்ல விலை வரும் என்று நம்பியிருந்தேன். அவர் அதற்குத் தம்முடைய ஜீப்பின் நிறத்தையே அடித்து, முன்பக்கம் எறும்பு எழுத்தில் வண்டி நம்பரும் எழுதியிருந்தார்.

"பெயின்டு மாத்தினா வண்டி சேக்குறவங்க எடுக்கில்ல சேச்சி" என்றாள் நர்ஸ். "அதுக்கு வெல இல்லா."

நான் ஜீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போய்க் கத்தினேன். "யாரு ஒங்கள பெயின்ட் அடிக்கச் சொன்னா? சும்மா வச்சிருந்தா ரெண்டு மாசத்துக்கு ஆயிருக்கும்ல." அவர் பயந்து சுவர்ப் பக்கம் ஒண்டினார். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு நான் கத்தியதில்லை.

விற்கக்கூடியதெல்லாம் விற்றுப்போனது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் அள்ளிக் கொடுக்கவும் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒரு நாள் அந்தப் புதிய குழுவில் சேர்ந்தார். மஞ்சள் லாரி என்ன விலைக்குப் போனது என்று நர்ஸ் எல்லோர் முன்னாலும் கேட்டாள். பதில் எழுதாமலே வெளியேறிவிட்டார். வந்த பணத்தில் மறுபடி மதுரைக்குப் போய்வந்தோம். அது எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் பேச்சு வருமா என்பதுதான் தெரியவில்லை.

பயிற்சியில் அட்டைகளில் கத்தரிக்காய், பசு, குடை என்று படம் காட்டுவார்கள். அவர் எல்லாவற்றுக்கும் ஆமா என்றார். ஒரு நாள் அந்தப் பயிற்சி அம்மா என்னிடம் கேட்டார்.

"இவருக்கு ரொம்பப் பிடிச்சது என்னம்மா? வீட்டுல இவர் ஆசையா வச்சிருந்த சாமான் எதுவும் இருந்தா அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க. பழகின பொருளக் கையில குடுத்தா சில பேருக்குச் சொல்லு வெரசா வரும்."

  "இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் கண்ணாடி பீரோவைத் திறந்து பார்த்தேன். விலைபோகாதவை மட்டும் கிடந்தன. சக்கரம் இல்லாத ஒரு பஸ், புதிதாக வார்த்த வெள்ளைக் கார், பெயின்ட் அடித்த ஜீப், இன்னும் ஒன்றிரண்டு. ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப்போனேன். பயிற்சி அம்மா அவற்றை மேஜையில் பரப்பினார். என் கணவர் மற்றதைத் தொடவில்லை. ஜீப்பை இடது கையால் எடுத்து மேஜை மேல் ஓட்டினார். நேராக அல்ல, வளைத்து வளைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் கொஞ்சம் நிறுத்தி, ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி. பயிற்சி அம்மா விளையாட்டாக, "பஸ்ஸா சார் இது?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் அவர்.

 அவரே தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். பயிற்சி அம்மா, "காரா?" என்றார். "இல்ல." "லாரியா?" "இல்ல." திரும்பி வரும்போது வழியெல்லாம் நான் எதையாவது கேட்டுக்கொண்டே வந்தேன். உசிலம்பட்டி தாண்டும்போது, "பசிக்குதா?" என்றேன். "ஆமா" என்றார். "தூக்கம் வருதா?" "இல்ல." கார் டிரைவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

அது நல்ல நாள். ஆனால் அந்த மாதத்தோடு பணம் தீர்ந்தது. இப்போதுதான் வார்த்தை வரத் தொடங்கியிருக்கிறது, நிறுத்தாதீர்கள் என்றார்கள். ஜீப்பை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்கு எந்தக் குழுவும் தேவைப்படவில்லை. ஜீப் ஸ்டாண்டில் ஒருவரிடம் சொன்னேன். மறுநாள் காலை தரகரும் ஸ்டாண்டு ஆட்களும் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். போன மாதம் யார் ஜீப் என்ன விலைக்குப் போனது, இதற்கு டயர் எப்படி, என்ஜின் எப்படி என்று எல்லாம் நடுத்தெருவிலேயே பேச்சு. அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். அவர் முன்னால் மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தரகர் ஒரு விலை சொன்னார்.

"இல்ல" என்றார் என் கணவர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டாண்டு ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணே வெவரமாத்தான் இருக்காரு. ஏத்திக் கேளுய்யா" என்றார் ஒருவர். தரகர் கொஞ்சம் ஏற்றினார். அவர் மறுபடி "இல்ல" என்றார். சிரித்துக்கொண்டே இன்னொருவர் அதற்கும் மேலே ஏற்றினார். அதுதான் நியாயமான விலை, அதற்கு மேல் அந்த ஜீப் போகாது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"இல்ல."

சிரிப்பு நின்றது. அவர் 'இல்ல' என்றது விலைக்கு அல்ல என்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது. ஜீப்பைப் பார்த்தபடி, அடங்கிய குரலில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டாண்டுக்காரர் என் பக்கம் வந்தார். "மதினி, வேணும்னா இன்னொரு நாள் பாப்பமா?"

"இன்னொரு நாளும் இதத்தான் சொல்லுவாரு" என்றேன். "அட்வான்ஸக் குடுங்க."

வாங்கிக்கொண்டேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்று நாள் என்னோடு ஆமா, இல்ல இரண்டும் பேசவில்லை.

இப்போது வாரம் தவறாமல் மதுரைக்குப் போகிறோம். பஸ்சிலேயே போகப் பழகிவிட்டார். சில சொற்கள் வந்திருக்கின்றன. சோறு, வலி, போதும். என் பெயர் இன்னும் வரவில்லை. புதிய குழுவில் கூட்டம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. அதில் யாராவது விலை எழுதாமல் படம் போட்டால் நர்ஸுக்கு முன்பே நான் கேட்டுவிடுகிறேன்.

ஜீப்பை வாங்கியவர் அதே தோட்டங்களுக்குத்தான் ஆள் ஏற்றுகிறார். விடியும்போது எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்த நேரத்துக்கு முன்பே நான் என் கணவரைப் பின்பக்கம் குழாயடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, பல் பிரஷ்ஷை இடது கையில் கொடுத்துவிடுகிறேன். சத்தம் எப்படியும் அங்கேயும் வரும். அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, கியர் மாறுகிற வரைக்கும் கேட்பார். பிறகு தேய்ப்பார். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்பேன்.